நடுங்கும் எழுத்து: மூளைப் படிமமும் கதிர் அறுவையும்



தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிச் செல்லும் மெய்ப்பாடுகளுள் 'நடுக்கு' என்பதும் ஒன்று. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் புலப்படுதலே மெய்ப்பாடு ஆதலின், நடுக்கம் கண்டவிடத்து அதன் பின்னே ஓர் அச்சத்தையோ ஆற்றாமையையோ தேடுவது தமிழ் பயின்றார்க்கு இயல்பாகவே அமைந்துவிட்ட வழக்கமாகும். இலக்கியம் பயிலாத உலகமும் அவ்வாறே தேடுகிறது. மேடையில் தாளைப் பிடித்த கை நடுங்கினால் அவையச்சம் என்கிறது; விருந்தில் குவளை ஏந்திய கை நடுங்கினால் குடிப்பழக்கமோ என ஐயுறுகிறது; நரைத்த தலையோடு சேர்ந்து வந்தால் முதுமை என்று அமைதி கொள்கிறது. இவற்றுள் எதுவும் காரணமாகாமல் கை நடுங்கும் நோய் ஒன்று உண்டு. அந்நோய்க்குச் செய்யப்படும் கதிர் அறுவையும், அதன் பயனை அறிய மூளைப் படிமங்கள் துணைசெய்யும் அளவும் இவ்வுரையின் பொருள். மருத்துவப் பொருள் இலக்கிய அவைக்கு எதற்கு என்னும் வினா எழலாம். இந்நோயில் முதலில் கெடுவது பெரும்பாலும் கையெழுத்து. மருத்துவம் பலித்ததா என்பதை மருத்துவர் அளந்தறிவதும் கையெழுத்தைக் கொண்டே. எழுதுவோர் அவைக்கு இதைவிட நெருங்கிய நோய் வேறு இருக்க இயலாது.

ஆங்கிலத்தில் 'எசென்ஷியல் ட்ரெமர்' என்பது இதன் பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இன்றியமையா நடுக்கம்' என்றாகிவிடும். நடுக்கம் எவர்க்கும் இன்றியமையாதது அன்று! பழைய மருத்துவ வழக்கில் அவ்வடைமொழிக்கு, வேறொரு நோயின் விளைவாக அல்லாமல் தானே நோயாய் நிற்பது என்று பொருள். 1874ஆம் ஆண்டில் பியெத்ரோ புர்ரேசி என்னும் இத்தாலிய மருத்துவர், 18 வயது இளைஞன் ஒருவனின் நடுக்கத்தை இச்சொல்லால் குறித்தார். காரணம் விளங்காதபோது மருத்துவ நூலார் இட்டு வைக்கும் பெயர்களுள் இதுவும் ஒன்று என்றே கொள்ளவேண்டும். 'தன்னியல் நடுக்கம்' என்பது மூலத்தின் கருத்துக்கு அணுக்கமாக நிற்பதால், இவ்வுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதி விளக்கிய நடுக்குவாதத்தில், கை மடிமீது ஓய்ந்து கிடக்கும்போது நடுக்கம் மிகும். தன்னியல் நடுக்கம் இதற்கு மாறானது. ஓய்ந்த கை அமைதியாக இருக்கும். எழுதுகோலை எடுத்தால், கரண்டியை வாயருகே கொண்டு சென்றால், சட்டைப் பொத்தானை மாட்ட முயன்றால் நடுங்கும். நொடிக்கு 4 முதல் 12 முறை வரை அவ்வசைவு நிகழும். சிலர்க்குத் தலையும் குரலும் சேர்ந்து நடுங்குவதுண்டு. 65 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ இருபதில் ஒருவர்க்கு இது காணப்படுகிறது. குடும்பவழி வருதலும் மிகுதி. சிறிதளவு மது உட்கொண்டால் நோயாளிகள் பலருக்கு நடுக்கம் சற்றுநேரம் தணிகிறது என்பது மருத்துவர் அறிந்த செய்தி. குடியால் வந்த நடுக்கம் என்று ஊரார் பழிக்கும் ஒரு நடுக்கம் குடியால் தணிவது நகைப்பிற்குரிய முரண் எனலாம். இத்தணிவை நம்பிக் குடிக்குப் பழகியவர்களை எண்ணினால் அந்நகைப்பு நில்லாது.

எழுத்தாளர் ஒருவர்க்கு நடுக்கம் என்ன செய்யும் என்பதற்கு யூஜின் ஓ'நீலின் வாழ்க்கை சான்றாகிறது. 1936இல் நோபல் பரிசு பெற்ற இந்த அமெரிக்க நாடகாசிரியர்க்கு நெடுங்காலமாகவே கைந்நடுக்கம் இருந்தது. கலிபோர்னியாவில் டான்வில் என்னும் ஊரின் குன்றுப்புறத்தில் அமைத்த 'தாவ் இல்ல'த்தில் இருந்தபோது அது பெருகிற்று. அவர் பென்சிலால் எழுதுபவர். எழுத்து மேன்மேலும் நுணுகி, மனைவி கார்லோட்டா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யவேண்டியதாயிற்று. தம் குடும்பத்தின் துயரத்தையே பொருளாக்கிய 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை அந்நிலையிலேயே 1941இல் முடித்தார். 1943இல் இன்னொரு நாடகத்தை முடித்ததோடு எழுத்து நின்றது. 1953இல் இறக்கும்வரை, பத்தாண்டுக் காலம், அவர் வேறு நாடகம் எழுதவில்லை. பதினொரு நாடகங்கள் கொண்ட தொடராக அவர் திட்டமிட்டிருந்தது நிறைவேறாமலே போயிற்று. அதன் வரைவுகளுள் பலவற்றை அவரே அழித்தார்.

வாயால் சொல்லிப் பிறரை எழுதச் செய்திருக்கலாகாதா என்று கேட்கலாம். கண்ணிழந்த மில்டன் அவ்வாறு ஒரு பெருங்காப்பியமே செய்தார். ஆசுகவி என்றொரு வகையைக் கண்ட தமிழ் மரபில், கை என்பது கவிஞனுக்கு வெறும் ஏவலாள் என்றே தோன்றும். ஓ'நீலுக்கு அது கைகூடவில்லை. பிறர்க்குச் சொல்லி எழுதுவிக்கவும் தட்டச்சுப் பொறியில் தாமே எழுதவும் முயன்று இரண்டையும் கைவிட்டார். பென்சில் தாளில் ஊரும்போதே அவர்க்குச் சொல் பிறந்தது. இங்குள்ள கவிஞருள் இரு சாராரும் உளர். இரண்டாம் சாரார்க்கு இந்நிலை சொல்லாமலே விளங்கும்.

அவருக்கு வாழ்நாளில் சொல்லப்பட்ட நோய் பார்க்கின்சன் நோய். இறந்தபின் செய்த மூளை ஆய்வு அதை மறுத்தது. அவ்வாய்வின் விரிவு 2000ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. பார்க்கின்சன் நோய்க்குரிய அழிவு மூளையில் இல்லை. சிறுமூளையின் புறணி தேய்ந்திருந்தது. அவர் நோயைத் தன்னியல் நடுக்கம் என்று முற்றாகக் கூறிவிடுதல் பொருந்தாது. சிறுமூளைத் தேய்வு தனியொரு நோயாகவே அங்கு எண்ணப்பட்டது. எனினும் நடுக்கத்தின் வேர் எங்கிருக்கக் கூடும் என்பதை அவ்வாய்வு காட்டிற்று. தன்னியல் நடுக்கத்திலும் இன்று ஆய்வாளர் முதலில் நோக்குவது சிறுமூளையையே. பார்க்கின்சன் நோயையும் தன்னியல் நடுக்கத்தையும் வேறுபடுத்தும் கதிரியக்கப் படிமமுறை ஒன்று ஐரோப்பாவில் 2000இலும் அமெரிக்காவில் 2011இலும் ஒப்புதல் பெற்றது. பார்க்கின்சன் நோயில் குறைந்து காணப்படும் டோப்பமின் நரம்பு முனைகள் தன்னியல் நடுக்கத்தில் குறைவின்றி ஒளிர்கின்றன. ஓ'நீலுக்கு இறந்தபின் கிடைத்த மறுப்பு, இன்று ஒருவர்க்கு வாழும்போதே கிடைத்துவிடும்.

சிறுமூளையிலிருந்து புறப்படும் நரம்புப் பாதை மூளையின் நடுவே அமைந்த தாலமஸை அடைந்து, அங்கிருந்து இயக்கப் புறணிக்குச் செல்கிறது. இச்சுற்றுப்பாதையில் ஒரு தாளம் பிசகி, ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதுதான் நடுக்கம் என்று எளிமையாகக் கூறலாம். கையில் குறையொன்றும் இல்லை. தாலமஸில் 'விம்' என்று சுருக்கி வழங்கப்படும் நரம்பணுத் திரள் ஒன்று உண்டு. சில மில்லிமீட்டர் அளவினது. அவ்விடத்தைச் சிறிது அழித்தால் அத்தாளம் அறுபட்டு எதிர்ப்புறக் கை அமைதியுறும். ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் ஆகிய மருந்துகளே முதலில் தரப்படுபவை. அவை ஏறத்தாழப் பாதிப் பேருக்கே போதிய பயன் தருகின்றன. மருந்தால் பயன்பெறாதவர்க்கே மூளையைத் தொடும் எண்ணம் எழுகிறது.

ஓ'நீலின் பெருநாடகம் முதன்முதல் மேடையேறியது அவர் நாட்டில் அன்று. அவர் மறைந்து ஈராண்டுக்குச் சற்று மேல் கழித்து, 1956இல், ஸ்டாக்ஹோம் நகரத்தில். அதே நகரத்தில் 1968இல் லார்ஸ் லெக்செல் என்னும் மூளை அறுவை வல்லுநர், காமாக் கத்தி என்று பின்னர் பெயர்பெற்ற கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். கதிர் அறுவை என்னும் கருத்தை அவர் 1951இலேயே வெளியிட்டிருந்தார். கத்தி என்பது பெயரளவே. கருவியில் இரும்பு அலகு ஏதும் இல்லை. நெடுங்காலம் வழங்கிய வடிவத்தில் 201 கோபால்ட் துண்டுகள் அரைக்கோளமாக அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் வரும் காமாக் கதிர் மிக மெல்லியது. தான் கடந்து செல்லும் மூளைப் பகுதியை ஊறுபடுத்தாது. அனைத்தும் ஒரு புள்ளியில் கூடும்போது அவ்விடம் மட்டும் அழியும். நடுக்கத்திற்கு அப்புள்ளியில் தரப்படும் உச்ச அளவு பெரும்பாலும் 130 கிரே. உடல் முழுவதும் ஒருங்கே பட்டால் 10 கிரேயே உயிரைப் போக்கப் போதும் என்பதை நோக்க, அப்புள்ளியைக் குறிப்பதில் எத்துணைக் கூர்மை வேண்டும் என்பது விளங்கும்.

கதிர் அறுவையின் இடர்ப்பாடும் இங்கேதான் உள்ளது. மண்டையோட்டைத் துளைத்து மின்முனை செலுத்தும் முறைகளில் நோயாளி விழித்திருப்பார். மின்முனை இலக்கைத் தொட்டவுடன் நடுக்கம் நிற்பதை மருத்துவரும் அவரும் ஒருங்கே காண்பர். நில்லாவிடின் மின்முனையை நகர்த்தலாம். 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட் தொடங்கிவைத்த ஆழ்மூளைத் தூண்டலில் மூளையை அழிக்காமல் மின்தூண்டலைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். கதிர் அறுவையில் இவற்றுள் எதுவும் இல்லை. கதிர் பட்டு முடிந்தபின்னும் நோயாளியின் கை முன்போலவே நடுங்கிக்கொண்டிருக்கும். சில வாரங்கள், பலர்க்கு மூன்று முதல் ஆறு மாதங்கள், சிலர்க்கு ஓராண்டு கழிந்தே பயன் தெரியும். தவறான புள்ளியில் கதிர் பட்டிருப்பின் அதுவும் அப்போதுதான் தெரியும், மீட்க வழியில்லை. ஆகவே இம்முறையில் முழுச் சுமையையும் படிமமே தாங்கவேண்டியிருக்கிறது.

அப்படிமத்திலோ 'விம்' தெரிவதில்லை. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் தாலமஸ் ஒரே சாம்பல் நிறத் திரளாகத் தோன்றும். உள்ளே இருக்கும் எல்லைகள் புலப்படா. மூளையின் நடுக்கோட்டில் தெளிவாகத் தெரியும் இரு சிறு நரம்பு இணைப்புகளைக் குறியாகக் கொண்டு, அவற்றிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் பக்கவாட்டில், இத்தனை மில்லிமீட்டர் முன்னே என்று கணக்கிட்டே இலக்கைக் குறிக்கின்றனர். செல்லரித்த ஏட்டில் போன எழுத்தை, இருபுறமும் நிற்கும் எழுத்தையும் யாப்பையும் கொண்டு ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர் பணி இதற்கு ஒப்பாகும். பதிப்பாசிரியர்க்குப் பாடபேதம் காட்டும் உரிமை உண்டு. இங்கு அது இல்லை. பக்கத்தில் சில மில்லிமீட்டர் விலகினால் கைகால்களை இயக்கும் நரம்புக் கற்றை. பின்னே சற்று விலகினால் தொடுவுணர்வுக்குரிய திரள். முன்னது கெட்டால் கைகால் வலுவிழக்கும், பின்னது கெட்டால் மரத்துப்போகும். அண்மை ஆண்டுகளில் நீர் மூலக்கூறுகளின் பரவலை அளந்து நரம்புப் பாதைகளை வரைந்து காட்டும் எம்.ஆர்.ஐ. முறை வந்துள்ளது. சிறுமூளையிலிருந்து வரும் பாதை தாலமஸுக்குள் நுழையும் இடத்தை அதன் துணையால் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே காண முயல்கின்றனர்.

இனிப் பயன். நடுக்கத்தை அளக்க வழங்கும் அளவுகோல்களுள் ஒன்று ஃபான், டொலோசா, மாரின் ஆகிய மூவர் பெயரால் அமைந்தது. சுருள் கோடு வரையச் செய்து, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் ஊற்றச் செய்து, ஒரு வாக்கியம் எழுதச் செய்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி இடுவர். 0 என்பது நலம். 4 என்பது கடுமை. நோயாளி எழுதவேண்டிய அவ்வாக்கியம், இது என் மிகச் சிறந்த கையெழுத்தின் மாதிரி என்று பொருள்படுவது. நடுங்கும் கையைக் கொண்டு அவ்வாக்கியத்தை எழுதச் சொன்னவர்க்கு அதன் இரக்கமின்மை தோன்றியதா என்பது வேறு வினா.

2010இல் அமெரிக்காவின் ரொனால்ட் யங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு 161 நோயாளிகளைச் சராசரி 44 மாதங்கள் தொடர்ந்து நோக்கியது. கையெழுத்துப் புள்ளி சராசரியாக ஏறத்தாழ 2.8இலிருந்து 1.3க்கு இறங்கிற்று. படிக்க இயலாத எழுத்து, அலைவோடேனும் படிக்கத்தக்க எழுத்தாயிற்று என்று இதனை விளக்கலாம். 14 பேர்க்குப் பின்விளைவு ஏற்பட்டது. அவர்களுள் 8 பேர்க்கு அது நிலைத்துவிட்டது. எதிர்பார்த்ததினும் பெரிதாக வடு வளர்ந்ததே காரணம் என்று ஆசிரியர்கள் கூறினர். ஒரே அளவு கதிர் ஒருவர் மூளையில் பயற்றளவு வடுவையும் இன்னொருவர் மூளையில் அதனினும் பன்மடங்கு வீக்கத்தையும் உண்டாக்குவது ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

இவ்வெண்களை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. மருத்துவம் செய்தவரே பயனையும் அளந்தால் அன்பு மிகுந்த ஆசிரியர் தம் மாணவர் விடைத்தாளைத் திருத்துவது போலாகும். அதே 2010இல் கனடாவில், மருத்துவத்திற்கு முன்பா பின்பா என்று அறியாதவர் படப்பதிவுகளைப் பார்த்து மதிப்பிட்ட சிறிய ஆய்வொன்றில், நடுக்கம் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாகப் புலப்படவில்லை. பிரான்சின் மார்செய் நகரில் ழான் ரெஜிஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்விலும் மதிப்பீடு அறியாதவராலேயே செய்யப்பட்டது. 50 நோயாளிகள், அவர்களுள் 36 பேர் தன்னியல் நடுக்கம் உடையோர். ஓராண்டு கழிந்தபின் கைந்நடுக்கப் புள்ளி 54 விழுக்காடு குறைந்தது. அன்றாடச் செயல்களின் இடர்ப்பாடோ 72 விழுக்காடு குறைந்தது. பயன் தெரியச் சராசரியாக ஐந்து மாதங்களுக்குச் சற்று மேலாயிற்று. நடுக்கம் பாதி குறைய வாழ்க்கை முக்காற்பங்கு மீள்வதைப் புள்ளியியலார் முரண் என்பர். ஒரு குவளை நீரைச் சிந்தாமல் குடிக்க, கை முற்றும் அமைதியடைய வேண்டுவதில்லை. சிந்தாத அளவுக்கு அடங்கினால் போதும்.

யாருக்குப் பயன் தரும், யாருக்குத் தராது என்பதை முன்னரே அறிய இயலுமா? இவ்வினாவிற்கு விடை தேடிய மூளைப் படிம ஆய்வுகளே இப்பொருளில் மிகவும் வியப்பானவை. லோசான் நகரைச் சேர்ந்த கான்ஸ்டான்டின் துலியாஸ்கா, மார்செய்க் குழுவினரோடு இணைந்து 2017 முதல் வெளியிட்டுவரும் கட்டுரைகளில், கதிர் அறுவைக்கு முன்னும் ஓராண்டு கழித்தும் எடுத்த எம்.ஆர்.ஐ. படிமங்களை ஒப்பிட்டார். சிறுமூளையிலும் இயக்கப் புறணியிலும் வேறுபாடு தெரியும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. பயனோடு தொடர்புற்று நின்றவற்றுள் மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் புறணியின் பகுதிகளும் இருந்தன. அப்பகுதிகளின் திண்மையும், அவை பிற பகுதிகளோடு இசைந்து இயங்கும் திறமும், மருத்துவத்திற்கு முன்னரே பின்வரும் பயனைக் குறிப்பாற் காட்டின. பயன் பெற்றவர்க்கு அவை மாறவும் செய்தன.

கைந்நடுக்கத்திற்கும் கண்ணிற்கும் என்ன உறவு? அமெரிக்க ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு ஒளி தருகிறது. தன்னியல் நடுக்கம் உடையோர் ஒரு கருவியை விரலால் அழுத்தி, அவ்வழுத்தத்தின் அளவைத் திரையில் கோடாகக் கண்டனர். அக்கோட்டின் அசைவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவர்தம் நடுக்கமும் பெரிதாயிற்று. தன் பிழையைக் கண் பார்க்கிறது. கை திருத்த முயல்கிறது. அத்திருத்தமே மேலும் பிறழ்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் நோய் நீங்கும் என்பது இதன் பொருளன்று. நடுங்கும் தன் எழுத்தை உற்று நோக்கி நேர்செய்ய முயல்பவர்க்கு நடுக்கம் ஏன் மிகுகிறது என்பதற்கு, மனத்தளர்ச்சி என்னும் வழக்கமான விடைக்கு அப்பால் நரம்பியல் விடையொன்றும் உண்டு என்பதே அறியவேண்டியது.

இவ்வாய்வுகள் சிறு எண்ணிக்கையினரைக் கொண்டு செய்யப்பட்டவை. பலரின் சராசரியைக் கூறுபவை. ஒருவர் படிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உமக்குக் கைகூடும், உமக்குக் கைகூடாது என்று சொல்லும் நிலையை அவை எட்டவில்லை. படிமத்தை நாடி சோதிடம்போல் பேசும் விளம்பரங்களை நம்புதல் தகாது.

2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற குவி மீயொலி முறை, கதிர் அறுவையின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. அதே 'விம்' இலக்கை ஒலியலைகளின் வெப்பத்தால் அழிக்கும் இம்முறையில் முதலில் மென்சூடு தந்து சோதித்துப் பார்க்கலாம். பயன் அன்றே தெரியும். 76 பேரைக் கொண்ட அதன் ஆய்வில் சிலர்க்குப் போலிச் சிகிச்சையும் செய்யப்பட்டது. மூன்றாம் மாதத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றோர்க்குக் கைந்நடுக்கம் 47 விழுக்காடு குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றோர்க்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கதிர் அறுவைக்கு இத்தகைய சோதனை இல்லாமை ஒரு குறையே. ஆயினும் மண்டையோடு ஒலியலையை உள்விடாத இயல்பினர்க்கும், குருதி உறையாமைக்கான மருந்தை நிறுத்த இயலாத முதியவர்க்கும், மண்டையோட்டைத் திறக்க அஞ்சத்தக்க உடல்நிலை உடையோர்க்கும் கதிர் அறுவை இன்றும் வழியாக நிற்கிறது. காத்திருக்கும் பொறுமை அவர்க்கு வேண்டும். அது பிழைபடவும் கூடும் என்னும் அறிவும் வேண்டும்.

இருபுறமும் அழித்தால் பேச்சுக் குழறவும் நடை தடுமாறவும் கூடும் என்பதால் கதிர் அறுவை பெரும்பாலும் ஒரு பக்கத்திற்கே செய்யப்படுகிறது. மீயொலி முறையில் ஒன்பது மாதங்கள் கழித்து இரண்டாம் பக்கத்தையும் செய்ய 2022இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே கதிர் அறுவைக்கு வரும் நோயாளி தம் இரு கைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் தேர்வது எழுதும் கையை. உணவுத் தட்டைத் தாங்குவதும் தாள் நகராமல் அழுத்திப் பிடிப்பதும் மற்றக் கையின் பணி. அது தன் நடுக்கத்தோடே அவற்றைச் செய்துவருகிறது.